மங்கலம் தரும் மருதாணி

(நவராத்திரி விழாவையொட்டி நம் ஆலய மகளிர் பகுதி நடத்திய முழுக்கை மருதாணிப் போட்டியின் பரிசளிப்பு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இப்போட்டிக்கு நடுவராக வரவேண்டும் என்று மகளிர் பகுதியினர் அழைத்தபோது நான் சற்றுத் தயங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்த கை என்னுடையது. மருதாணிக் கோன் பிடித்த கை அன்று. ஆயினும், மருதாணியைப் பற்றிச் சில சொற்கள் பேசவும் வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒப்புக்கொண்டேன். பேசுவதற்கு என்னிடம் ஒரு செய்தி இருந்தது.

இன்று காலை போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு மேசைக்கும் சென்று, பங்கேற்பாளர்கள் கொண்டுவந்திருந்த கோன்களைப் பார்த்தேன். அவற்றுள் மூன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அம்மூவருக்கும் மகளிர் பகுதியினர் குழைத்து வைத்திருந்த மருதாணியைத் தரச் சொன்னேன். அவர்களுள் ஒரு பெண்ணின் கண் கலங்கியதையும் கண்டேன். “டீச்சர் ஏன் இப்படிச் செய்தார்?” என்று அப்பெண்ணின் தாயார் எண்ணியிருக்கலாம். அதற்குரிய விளக்கத்தைப் பலர் முன்னிலையில் தருவது என் கடமை. என் உரையின் நோக்கமும் அதுவே.

தோட்டத்து மருதாணி

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பால்மரத் தோட்டம் ஒன்றில். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் இப்பேராக் மண்ணெங்கும் தோட்டங்கள் பரவியபோது, அவற்றோடு நம் மக்களின் வாழ்வும் பிணைந்துபோயிற்று. எங்கள் லயத்தின் பின்புறம், தண்ணீர்க்குழாய்க்கு அருகில் ஒரு மருதாணிச் செடி இருந்தது. அது யார் வைத்த செடி என்று ஒருவருக்கும் தெரியாது; யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்டதுமில்லை. தீபாவளி நெருங்கினால் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அச்செடியை மொட்டையடித்து விடுவோம். அடுத்த பண்டிகைக்குள் அது மீண்டும் தழைத்து நிற்கும்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, கொய்துவந்த இலையை அம்மா அம்மியில் இட்டு, சிறிது புளியும் ஒரு துண்டுக் கொட்டைப்பாக்கும் சேர்த்து மைபோல அரைப்பார். உள்ளங்கை நடுவே ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றிச் சிறு பொட்டுகள், ஒவ்வொரு விரல் நுனிக்கும் ஒரு தொப்பி. அவ்வளவுதான் கோலம். இன்றைய இளம்பெண்கள் கண்டால் “இதுதானா?” என்று கேட்பார்கள். ஆனால், அந்நாள் பெண்களுக்குக் கலையறிவு இல்லாததால் அக்கோலம் அப்படி அமைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வாசலில் அவர்கள் இட்ட கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அம்மியில் அரைத்த பச்சை இலையில் நாரும் நரம்பும் கலந்திருக்கும். அதைக்கொண்டு மெல்லிய கோடு இழுக்க இயலாது. வட்டமும் பொட்டும் தொப்பியும் அந்த விழுதுக்கு ஏற்ற வடிவங்கள்.

எங்கள் எல்லாருக்கும் இட்டு முடித்து, முறுக்குப் பிழிந்து, அடுப்பங்கரையைத் துடைத்து முடித்த பிறகே அம்மா தம் கைக்கு வருவார். அதுவும் இடக்கைக்கு மட்டும். வலக்கைக்கு அவர் மருதாணி இட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கைக்கு எப்போதும் வேலை இருந்தது. ஆண்டு முழுவதும் விடியுமுன் பெரட்டில் நின்று, உளி பிடித்து மரம் சீவி, மங்கில் நிறைந்த பாலை வாளியில் வழித்து ஊற்றிய கை அது. ரப்பர்ப்பால் காய்ந்து தோலில் ஒட்டி, நகக்கண்களில் கறுத்துப்போயிருக்கும். தீபாவளி கழிந்து அவர் மீண்டும் வேலைக்குப் போகும்போது, கறுத்த வலக்கையும் சிவந்த இடக்கையும் சேர்ந்தே வாளியைத் தூக்கும். அந்தச் சிவப்பை அவர் இடைக்கிடையே திருப்பிப் பார்த்துக்கொள்வார். ஆண்டிற்கு ஒரு முறை, தம் கையைத் தாமே அழகு பார்க்க அவருக்குக் கிடைத்த வாய்ப்பு அதுவே என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது.

அத்தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. தோட்டத்து மாரியம்மன் வேறிடத்தில் எழுந்தருளியிருக்கிறாள். ஆனால், மருதாணிச் செடியை யாரும் பெயர்த்துக் கொண்டுவரவில்லை.

எல்லார்க்கும் உரிய செடி

மருதாணிக்கு மருதோன்றி, அழவணம், ஐவணம் என்றும் தமிழில் பெயர்கள் உண்டு. தாவரவியலார் ‘லாசோனியா இனெர்மிஸ்’ என்பர். பழங்கால எகிப்திய மம்மிகளின் கூந்தலிலும் இதன் சாயத்தை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆகவே, இது மிகத் தொன்மையான ஒப்பனை.

இந்நாட்டிலும் இது நமக்கு மட்டும் உரியதன்று. மலாய்ச் சகோதரர்கள் இதனை ‘இனாய்’ என்பர். அவர்களின் திருமணத்தில் மணமக்களுக்கு மருதாணி இடும் இரவை ‘மாலாம் பெர்இனாய்’ என்று கொண்டாடுவர். ஈப்போவில் வாழும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் ‘மெஹந்தி’ இன்றி மணவிழா நடத்துவதில்லை. மொழியும் சமயமும் வேறுபட்டாலும், மணப்பெண்ணின் கை சிவந்திருக்க வேண்டும் என்பதில் இவர்கள் அனைவரும் ஒரே மனத்தினர்.

நம்மவருக்கோ, மருதாணி திருமகளுக்கு உகந்தது. ஆடி மாதத்தில் பெண்கள் விரும்பி இட்டுக்கொள்வது. வளைகாப்பிலும் பூப்புநீராட்டு விழாவிலும் திருமணத்திலும் மஞ்சள், குங்குமம், வளையல், பூ ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மங்கலப் பொருள். மங்கலம் என்று நாம் அழைக்கும் ஒன்று உடலுக்குத் தீங்கு செய்யுமானால், அதனினும் பெரிய முரண் வேறு இருக்க முடியுமா? இதனை நினைவில் கொள்ளுங்கள். மீண்டும் இவ்விடத்திற்கு வருவேன்.

முழுக்கைக் கோலம் வந்த வழி

இன்று நாம் காணும் முழுக்கைக் கோலம் வடஇந்தியாவிலிருந்து வந்தது. அங்கு இலையை உலர்த்தி, மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, குழைத்து, கோனில் அடைத்து எழுதும் முறை வளர்ந்தது. நார் நீங்கிய விழுது தலைமயிர் அளவுக்கு மெல்லிய கோட்டையும் தரும். இராஜஸ்தான் மாநிலத்தின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் நகரம் மருதாணிக்குப் பெயர்பெற்றது. அதன் மருதாணிக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெயிலும் வறட்சியும் மிகுந்த நிலத்தில் விளையும் இலையில் சாயம் மிகும். நம் பேராக்கோ மழை மிகுந்த மாநிலம். நம் வீட்டுச் செடி அத்துணை அழுத்தமாகச் சிவக்காமற்போனால் அதில் வியப்பில்லை.

திரைப்படங்களுக்கும் இதில் பங்குண்டு. 1995-இல் வெளிவந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ என்னும் இந்திப் படத்தின் மருதாணிப் பாடல் காட்சியை இந்நாட்டிலும் பலர் விரும்பிப் பார்த்தனர். அக்காலத்துத் திருமண வீடுகளில் ‘மருதாணி இரவு’ என்னும் பழக்கம் மெல்ல நுழைந்ததை நாம் கண்டோம். இன்று தீபாவளிக் காலத்தில் ஈப்போவின் லிட்டில் இந்தியாவிற்குச் சென்றால், லஹாட் சாலைப் பக்கம் நாற்காலி போட்டுக் கைநீட்டி அமர்ந்திருக்கும் பெண்களைக் காணலாம். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும்கூட வரிசையில் நிற்பார்கள். பிறந்தநாள், பட்டமளிப்பு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று எந்த விருந்தாயினும் மருதாணி இடுபவருக்கு ஒரு மூலை ஒதுக்கப்படுகிறது.

இக்கலையின் நுட்பத்தை நான் இன்று அருகிலிருந்து கண்டேன். தேர்ந்த கை முதலில் உள்ளங்கையின் நடுவையோ மணிக்கட்டின் ஓரத்தையோ நிலைக்களமாகக் கொள்கிறது. மாங்காய், தாமரை, மயில், கொடி ஆகிய பெரிய உருவங்களைத் தடித்த கோட்டால் வரைகிறது. பிறகு அவற்றினுள்ளே வலைப்பின்னலும் இதழும் புள்ளியும் இட்டு மெல்லிய கோட்டால் நிரப்புகிறது. விரல்களுக்கு இறுதியில் வருகிறது. அவற்றில் வடிவம் விரலுக்கு விரல் மாறினாலும் அளவு மாறக்கூடாது. அராபியக் கோலம் இடையில் தோல் தெரியும்படி இடம் விட்டு ஓடும். இந்திய மணப்பெண் கோலமோ இடைவெளியை நிரப்பிக்கொண்டே போகும். ஆனால், நிரப்புவதிலும் அறிவு வேண்டும். கோடுகள் நெருங்கிவிட்டால், விழுது உதிர்ந்தபின் கோலம் மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மட்டுமே மிஞ்சும். விழுது இருக்கும்போது அழகாகத் தோன்றும் கோலம் வேறு. உதிர்ந்தபின் நிற்கும் கோலம் வேறு. அதனால்தான் விழுது காய்ந்து உதிரும்வரை முடிவை அறிவிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மாலைவரை காத்திருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி.

சிவப்பு எப்படி வருகிறது?

மருதாணி இலையில் ‘லாசோன்’ என்னும் சாயப்பொருள் உருவாகிறது. உலர்ந்த இலையில் அதன் அளவு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதமே. எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான புளிப்புப் பொருளில் தூளைக் குழைத்துச் சில மணி நேரம் வைத்தால் சாயம் வெளிப்படும். நம் பாட்டிமார் புளி சேர்த்தது காரணமில்லாமல் அன்று. வெளிப்பட்ட லாசோன், தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைகிறது. உள்ளங்கையில் அந்த அடுக்கு தடித்திருப்பதால் அங்கு நன்றாகச் சிவக்கும். புறங்கையில் வெளிறியே இருக்கும்.

விழுதை எடுத்தவுடன் தோன்றும் நிறம் ஆரஞ்சு. அது காற்றுப்பட்டு, ஒன்று அல்லது இரண்டு நாள்களில் படிப்படியாக ஆழ்ந்து, செம்பழுப்பாகும். மேல்தோல் உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரங்களில் மங்கி மறையும். மருதாணியின் இயல்பு இவ்வளவே. அதனால் செங்காவி, செம்பழுப்பு, அடர்ந்த பழுப்பு ஆகிய நிறங்களைத்தான் தரமுடியும். ஒரு மணி நேரத்தில் கரியைப் போன்ற கறுப்பைத் தர அதனால் இயலாது.

வீட்டிலேயே குழைக்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: நன்கு சலித்த தூளில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றித் தயிர்ப் பதத்திற்குக் குழையுங்கள். சிறிது சர்க்கரை சேர்த்தால் விழுது தோலில் பற்றி நிற்கும். மூடி வைத்து, மேற்பரப்பு பழுப்பாக மாறியபின் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துச் சில நிமிடங்களில் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் பதிந்தால் விழுது பக்குவமாகிவிட்டது. இட்டபின் ஆறு முதல் எட்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கழுவாமல் சுரண்டி எடுத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். விழாவிற்கு இரண்டு நாள் முன்பாகவே இட்டால், விழாவன்று நிறம் உச்சத்தில் இருக்கும்.

கறுப்பில் மறைந்திருக்கும் கேடு

இனி, நான் எடுத்துவைத்த மூன்று கோன்களுக்கு வருகிறேன்.

2018-ஆம் ஆண்டில் எங்கள் குடும்பத்து விருந்தொன்றில், எனக்குப் பேத்தி முறையாகும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் புறங்கையில் ஒருவர் பூங்கொடி வரைந்தார். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்துவிட்டது. எல்லாரும் புகழ்ந்தோம், நானும் புகழ்ந்தேன். பத்து நாள் கழித்து அக்கொடி ஓடிய வழியெல்லாம் தோல் சிவந்து தடித்தது. அரிப்பு தாளாமல் குழந்தை அழுதது. மறுநாள் கொப்புளங்கள் எழும்பி நீர் வடிந்தது. மருத்துவரிடம் கொண்டு சென்றோம். புண் ஆறியபிறகும் பல மாதங்கள், பூவும் இலையும் கொடியுமாக, வெளுத்த தழும்பு அந்தக் கையில் இருந்தது. அழகுக்கென வரைந்த கோலமே தழும்பின் வடிவமாக நின்றதைப் பார்க்கும் கொடுமையை யாருக்கும் இறைவி தரவேண்டாம்.

மருத்துவர் அன்று விளக்கியதைச் சொல்கிறேன். ‘கறுப்பு மருதாணி’ என்று ஒரு செடி இல்லை. அவ்வாறு விற்கப்படும் விழுதில் பெரும்பாலும் ‘பாரா-ஃபினைலீன்டையமின்’, சுருக்கமாகப் பி.பி.டி., என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கும். இது தலைச்சாயத்தில் பயன்படுவது. தலைச்சாயத்திலும் இதன் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கலந்தபின் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்தது.

கொப்புளம் ஆறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. இப்பொருளுக்கு ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால், உடல் அதனை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. பின்னொரு நாள் தலைச்சாயம் பூசினால் முகமும் கண்ணிமையும் வீங்கலாம். சிலவகை உணர்வகற்றும் மருந்துகளுக்கும் ஒவ்வாமை தோன்றலாம். பன்னிரண்டு வயதில் ஒரு விருந்தில் பெற்ற அழகிற்கு, ஐம்பது வயதிலும் விலை கொடுக்க நேரிடும்.

இதில் விற்பவரை மட்டும் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. “சீக்கிரம் பிடிக்க வேண்டும், கறுப்பாகப் பிடிக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும்” என்று கேட்டவர்கள் யார்? நாம்தான். ஓர் இரவு காத்திருக்கப் பொறுமையற்ற நம் அவசரமே அந்தக் கறுப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது.

அம்மூன்று கோன்களிலும் உள்ளடக்கம் எழுதப்படவில்லை. மூக்கருகே கொண்டுசென்றபோது இலையின் மணமும் இல்லை. அவற்றுள் பி.பி.டி. இருந்தது என்று நான் சொல்லவில்லை; அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை, அம்பாள் சந்நிதியில், பிறர் வீட்டுப் பிள்ளையின் கையில் பூச நான் இசையவில்லை. அவ்வளவே. கோனைக் கொண்டுவந்த பிள்ளைகள்மீது எவ்விதக் குற்றமும் இல்லை.

வாங்குமுன் நீங்கள் பார்க்க வேண்டியவை சில. உள்ளடக்கப் பட்டியல் இருக்கிறதா? நம் நாட்டில் ஒப்பனைப் பொருள்களை விற்குமுன் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அறிவித்து, என்.ஓ.டி. எனத் தொடங்கும் எண் பெறவேண்டும். அவ்வெண் உறையில் இருக்கிறதா? கூடவே இதையும் எண்ணிப் பாருங்கள்: வீட்டில் குழைத்த விழுது குளிர்ப்பெட்டிக்கு வெளியே இரண்டு மூன்று நாள்களில் கெட்டுவிடும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தும் கெடாத கோனில் வேறு ஏதோ இருக்கிறது என்பது திண்ணம். “ஒரு மணி நேரத்தில் கறுக்கும்” என்று விளம்பரம் செய்தால், தயக்கமின்றி விலகுங்கள். பூசியபின் எரிச்சலோ அரிப்போ தோன்றினால் உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பூசியது இன்னதென்பதை மறைக்காமல் கூறுங்கள்.

குழந்தைக்கு இடுமுன்

தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இன்னொரு செய்தி. கைக்குழந்தையின் உள்ளங்காலிலும் கையிலும் மருதாணி இட்டு மகிழ்வது நம் வழக்கம். இந்நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ளதா என்று சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால், பாச்சை உருண்டையின் அருகிலும் குழந்தையை விடாதீர்கள் என்று தாயிடம் எச்சரிப்பதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அக்குறைபாடுள்ள குழந்தைக்குத் தூய மருதாணியும் ஆகாது. லாசோன் தோல்வழி உட்சென்று சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சட்காமாலையையும் உயிராபத்தையும் விளைவிக்கக்கூடும். அத்தகைய நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆண் குழந்தைகளிடையே இக்குறைபாடு மிகுதி. ஆதலால், சோதனை முடிவு தெரியாமல் எந்தக் கைக்குழந்தைக்கும் மருதாணி இடாதீர்கள். குழந்தைக்குச் சிவப்பு வேண்டுமென்றால், அதைத் தூக்கும் தாயின் கை சிவந்திருக்கட்டும்.

கலை தொழிலாகும்போது

இன்று பரிசு பெற்றவர்களின் பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுள் பலர் பாட்டன் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தபோது நகரத்தின் ஓரங்களுக்கு வந்தவர்கள். தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்களுக்குப் பழைய தொழில் இங்குப் பயன்படவில்லை. ஆனால், அவர்களின் பேத்திமார் கையில் இன்று ஒரு புதிய தொழில் இருக்கிறது. உளியைப் பிடித்து மரப்பட்டையில் ஆழமும் சரிவும் பிசகாமல் கோடு இழுத்த கையின் வாரிசு, இன்று கோனைப் பிடித்துக் கோடு இழுக்கிறது.

ஆகவே, இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு மணப்பெண்ணுக்கு இரு கைகளும் முழங்கைவரை எழுத நான்கைந்து மணி நேரம் குனிந்து அமர வேண்டும். முதுகும் கண்ணும் வலிக்கும். அவ்வுழைப்புக்குக் கேட்கும் தொகையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். மண்டபத்திற்கும் உணவுக்கும் ஒளிப்படத்திற்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மருதாணி இடும் பெண்ணிடம் மட்டும் பத்து வெள்ளிக்காக வாதாடுவது நியாயமா? தூய தூளுக்கு விலை அதிகம். குழைத்து ஊறவைக்க நேரம் வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லும்போதே மலிவான கோனுக்கு நாம் வழிகாட்டுகிறோம் என்பதை உணர வேண்டும்.

இளம்பெண்களே, நீங்களும் சில நெறிகளைக் கடைப்பிடியுங்கள். என்ன தூள், எப்போது குழைத்தது என்பதைக் கேட்காமலே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். கையைக் கழுவிவிட்டு எழுதத் தொடங்குங்கள். புண்ணின்மேல் இடாதீர்கள். “கறுப்பாக வேண்டும்” என்று கேட்பவரிடம் “என்னிடம் இல்லை” என்று சொல்லும் துணிவு கொள்ளுங்கள். ஒரு வாய்ப்பு போனாலும் உங்கள் பெயர் நிற்கும். தொழிலை முறையாகப் பதிவு செய்யுங்கள். மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளியும், வணிகப் பெயரில் பதிய 60 வெள்ளியும்தான் கட்டணம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம். இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்காக டெக்குன் நேஷனல் நடத்தும் ‘ஸ்பூமி’ கடன் திட்டத்திற்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆலயத்திற்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, நிர்வாகக் குழுவினர் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் ஆலயத்தில் நடைபெறும் எந்த நிகழ்ச்சியிலும் உள்ளடக்கம் அறியப்படாத கோனைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு விதி செய்யுங்கள். திருமணத்திற்கு மண்டபம் எடுப்போரிடமும் இதனைத் தெரிவியுங்கள்.

இரண்டாவது, ஆலய வளாகத்தின் பின்புற வேலியோரம் மருதாணிச் செடிகளை நட்டுத்தாருங்கள். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் வளரும் செடி அது; வெயில் இருந்தால் போதும். ஆடி மாதத்திலும் தீபாவளிக் காலத்திலும் வேண்டுவோர் இலை பறித்துக்கொள்ளட்டும். முழுக்கைக் கோலத்திற்கு அது உதவாது. நம் மண்ணின் இலை சோஜத் இலைபோல் அடர்ந்து சிவக்காமலும் போகலாம். ஆனால், விலை கொடுத்து வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் பண்டிகை நாளில் கை சிவந்து வரும். அச்செடி யாருடையது என்று யாரும் கேட்க வேண்டாம்.

இவ்வாண்டு போட்டியில் முதற்பரிசு பெற்ற கையை நீங்கள் எல்லாரும் பார்ப்பீர்கள். அது தாமரையும் மயிலும் நிறைந்த அழகிய கை. நான் இன்னொரு கையையும் பார்த்தேன். காலையில் கண் கலங்கிய பெண், நாங்கள் கொடுத்த மருதாணியால் தன் தாயாரின் கையில் எழுதி முடித்திருந்தாள். அந்நிறம் இன்னும் ஆரஞ்சாகவே இருக்கிறது. மகளே, நாளை மறுநாள் உன் அம்மாவின் கையைப் பார். நான் உன்னிடம் சொல்ல வந்தது அப்போது தெரியும்.

அம்பாளின் அருளால் எல்லா இல்லங்களிலும் மங்கலம் பெருகுவதாக.